தொப்புள் கொடியில் என்ன தடவுவது?

மத்திய இந்தியாவின் காட்டுப் பகுதி ஒன்றில் ஒரு சிறு தொண்டு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், நாற்பது ஊர்களில் நாற்பது கிராம சுகாதாரப் பணியாளர்கள். அவ்வளவுதான் அதன் படை. மாதம் ஒருமுறை எல்லாரும் கூடிப் பேசுவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் பணியாளர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார்.

"எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால், கொடியை அறுத்த இடத்தில் சாம்பல் வைக்கிறார்கள். சில வீடுகளில் சாணமும் வைக்கிறார்கள். வைக்காதீர்கள் என்றால், பின் எதைத்தான் வைப்பது என்று பாட்டிமார்கள் கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?"

டாக்டர் உடனே சொல்கிறார்: "ஒன்றும் வைக்க வேண்டாம். சுத்தமாக, உலர்வாக விட்டுவிட்டால் போதும்." அவர் மருத்துவக் கல்லூரியில் படித்தது அதுதான். ஆனால் நர்சு ஒருவர் குறுக்கிடுகிறார். வேறொரு மாவட்டத்தில் நடந்த பயிற்சியில், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவச் சொன்னார்களாம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி மேசைமேல் வைத்துவிட்டுப் போன பளபளப்பான வண்ணத் தாளும் அதையே சொல்கிறது.

ஒரே கேள்விக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத விடைகள்! யார் சொல்வதை ஏற்பது? வயதில் மூத்தவர் சொல்வதையா, புதிதாகப் பயிற்சி பெற்றவர் சொல்வதையா, அச்சில் வந்ததையா? இந்த நிறுவனத்தார் உண்மையான விடையை எங்கே, எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? அவர்களோடு நாமும் கூடவே சென்று பார்ப்போம்.

கேள்வி சிறியதா?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் பின்னே உயிர் இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் தொப்புள் கொடி வழியாகத்தான் வருகின்றன என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அக்கொடியினுள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உள்ளன. குழந்தை பிறந்தபின் கொடியைக் கட்டி அறுக்கிறோம். எஞ்சி நிற்கும் துண்டு ஓரிரு வாரங்களில் வாடி, உலர்ந்து, தானே விழுந்துவிடும்.

அந்த ஓரிரு வாரங்கள்தாம் ஆபத்தானவை. கொடி அறுந்ததும் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்கள் அன்றைக்கே முற்றிலும் மூடிக்கொள்வதில்லை. இறந்துகொண்டிருக்கும் திசுவோ பாக்டீரியாக்களுக்கு நல்ல விருந்து. கிருமி உள்ளே நுழைந்தால் தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கும், சீழ் பிடிக்கும், இரத்தத்திலும் கலந்துவிடலாம். சாணத்திலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கக் கூடும். தாய்க்குத் தடுப்பூசி போடப்படாத வீட்டில் அது குழந்தையின் உயிரையே குடித்துவிடும்.

ஆகவே பணியாளர் கேட்டது வெட்டிக் கேள்வி அன்று. அவர் ஊரில் அடுத்த வாரம் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிய கேள்வி.

கேள்வியைச் சீவுவது

தேடுவதற்கு முன் கேள்வியைச் சரியாக அமைக்க வேண்டும். "கொடிக்கு எது நல்லது?" என்று கேட்டால் உலகில் உள்ள எந்த நூலகமும் பதில் சொல்லாது. பென்சிலைச் சீவுவதுபோல் கேள்வியையும் சீவிக் கூராக்க வேண்டும். அதற்கு நான்கு செய்திகள் தேவை. யாருக்கு? கிராமத்தில், வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு. என்ன செய்வது? குளோர்ஹெக்சிடின் தடவுவது. எதனோடு ஒப்பிட்டு? ஒன்றும் தடவாமல் உலர விடுவதோடு. எதை அளந்து? தொப்புள் அழற்சியையும் இறப்பையும்.

இந்த நான்கில் முதலாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் வரும் வினையைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

உலகத்து ஏடுகளுக்கு ஓர் அகராதி

மருத்துவ ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஆய்விதழ்களில் வெளியாகின்றன. உலகெங்கும் அத்தகைய இதழ்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தொப்புள் கொடியைப் பற்றிய ஒரு கட்டுரை எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த இதழில் ஒளிந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இத்தொல்லையை முதலில் தீர்க்க முனைந்தவர்களுள் ஒருவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க இராணுவ டாக்டர். வாஷிங்டனில் இருந்த இராணுவ மருத்துவ நூலகம் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கு வந்த இதழ்களில் உள்ள கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, 1879-ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் ஒரு பட்டியலாக வெளியிட்டார். அதற்கு 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்று பெயர். மருத்துவ ஏடுகளுக்கெல்லாம் ஒரு பொருளடைவு என்று சொல்லலாம்.

நூலகத்தில் அந்தத் தடித்த தொகுதிகளை ஆண்டு ஆண்டாகப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமையும் தெரியும், முதுகுவலியும் தெரியும். 1964-இல் இப்பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். 1971-இல் 'மெட்லைன்' என்ற பெயரில், தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவிலிருந்தே அதைத் தேட வழி பிறந்தது. 1997 முதல் 'பப்மெட்' என்ற பெயரில் இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம் என்றாயிற்று. அச்சுப் பட்டியல் 2004-உடன் நின்றுபோயிற்று. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன.

ஒரு காலத்தில் நம் தொண்டு நிறுவனத்து டாக்டர் இரயிலேறி, பெருநகர மருத்துவக் கல்லூரி நூலகத்திற்குப் போய்ச் செய்ய வேண்டியிருந்த வேலையை, இன்று தம் அறையில் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு தொடங்கிவிடலாம். கவனியுங்கள், தொடங்கத்தான் முடியும்.

கணக்குப் பாடம் கைகொடுக்கிறது

மூன்றரைக் கோடியில் வேண்டியதை மட்டும் எப்படிப் பொறுக்குவது? கணிதத்தில் கணங்களைப் பற்றிப் படித்தீர்கள் அல்லவா? சேர்ப்பு, வெட்டு என்ற இரண்டும் இங்கே கருவிகளாகின்றன.

ஒரே பொருளை ஆளுக்கொரு சொல்லால் எழுதுவார்கள். ஒருவர் 'அம்பிலிக்கல் கார்டு' என்பார்; மற்றொருவர் 'நேவல்' என்பார்; மூன்றாமவர் தொப்புள் அழற்சியின் மருத்துவப் பெயராகிய 'ஆம்ஃபலைட்டிஸ்' என்பதை மட்டும் எழுதியிருப்பார். எனவே "இதுவோ அதுவோ மற்றதோ இருந்தால் போதும்" என்று மூன்றையும் சேர்க்க வேண்டும். இது சேர்ப்பு. வலை அகலமாகிறது. அடுத்து, 'குளோர்ஹெக்சிடின்' என்ற சொல்லும் அதே கட்டுரையில் இருந்தாக வேண்டும் என்று கேட்க வேண்டும். இது வெட்டு. வலை சுருங்குகிறது. பச்சிளங் குழந்தைகள் என்ற மூன்றாவது கணத்தையும் வெட்டினால், கோடிகள் நூறுகளாகிவிடும். நூறைப் படித்துப் பார்க்க மனிதரால் முடியும்.

இவ்வாறு ஆளுக்கொரு சொல் வழங்கும் தொல்லையைக் குறைக்க, பப்மெட்டை நடத்தும் நூலகத்தார் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான தலைப்புச் சொல்லை வகுத்திருக்கிறார்கள். கட்டுரை ஆசிரியர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும், அத்தலைப்பின் கீழ் அது வந்துவிடும். நூலகர் என்பவர் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பூட்டிய கதவு

நம் நிறுவனத்தாருக்கு இப்போது பட்டியல் கிடைத்துவிட்டது. கட்டுரையின் தலைப்பும் கிடைக்கிறது. பத்து வரிச் சுருக்கமும் கிடைக்கிறது. முழுக் கட்டுரையைப் படிக்கப் போனால், பல இதழ்கள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. "ஒரு கட்டுரைக்கு முப்பது டாலர்" என்பது அங்கே சாதாரண விலை. மாதச் சம்பளத்தை நன்கொடைகளால் சமாளிக்கும் நிறுவனம், இருபது கட்டுரைகளை இந்த விலைக்கு வாங்க முடியுமா?

ஏழை நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2002-இல் 'ஹினாரி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நேபாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளின் மருத்துவ நிறுவனங்கள் அதன் மூலம் இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ இதழ்களைப் படிக்கலாம். இந்தியாவுக்கு அதில் இடமில்லை. மொத்தமாகப் பார்த்தால் இந்தியா பெரிய சந்தை. ஆனால் காட்டுக்குள் இருக்கும் தொண்டு நிறுவனத்தைத் தனியாகப் பார்த்தால் அது ஏழைதான். சராசரிக் கணக்கு செய்யும் கொடுமைகளுள் இதுவும் ஒன்று. 2025 ஜனவரியில் இந்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தைத் தொடங்கி, அரசின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. நல்ல காரியம். ஆயினும் நம் தொண்டு நிறுவனம் அரசுக் கல்லூரியும் அன்று, ஆராய்ச்சி நிலையமும் அன்று. அது வாசலிலேயே நிற்கிறது.

பின் என்ன வழி? வழிகள் இருக்கின்றன. ஆய்விதழ்களுள் சில எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. பூட்டிய இதழில் வந்த கட்டுரைகளின் படிகளும் பல, 2000-இல் தொடங்கப்பட்ட 'பப்மெட் சென்ட்ரல்' என்ற பொதுக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. அங்கும் இல்லையென்றால் கட்டுரையை எழுதியவருக்கே எழுதிக் கேட்கலாம். இது பழைய வழக்கம். முன்பெல்லாம் "தங்கள் கட்டுரையின் ஒரு படியை அனுப்பி உதவுக" என்று அச்சடித்த அஞ்சலட்டைகள் நாடு விட்டு நாடு பறந்துகொண்டிருந்தன. இன்று மின்னஞ்சல். விஞ்ஞானிகளுக்குத் தங்கள் கட்டுரையை யாராவது படிக்கிறார்கள் என்றால் மகிழ்ச்சிதான், பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்களே இழக்கிறார்கள்.

இவை தவிர, தொண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் உதவிக்கொள்வதும் உண்டு. பெங்களூரில் 1984-இல் தொடங்கிய சமுதாய சுகாதாரக் குழு ஒன்று, இத்தகைய நிறுவனங்களுக்காகவே நூலகமும் தகவல் நிலையமும் அமைத்தது. 'மெடிகோ ஃபிரெண்ட் சர்க்கிள்' என்ற டாக்டர்கள் வட்டம் 1976 முதல் ஒரு சிற்றிதழ் நடத்தி, கிராம சுகாதாரக் கேள்விகளை வாதாடிப் பார்த்தது. தனியாகத் தேடுவதைவிட, முன்பே தேடியவரைத் தேடுவது எளிது அல்லவா?

தேடியவர்களைத் தேடுதல்

இந்த எண்ணத்தையே ஒரு பெரிய முறையாக்கியவர்கள் உண்டு. ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1979-இல் ஒரு குறையை எழுப்பினார். மருத்துவத் துறையார் தங்கள் சோதனைகளையெல்லாம் துறைவாரியாகத் திரட்டி, சீர்தூக்கி, அவ்வப்போது புதுப்பித்து வைக்கவில்லையே, இது வெட்கப்பட வேண்டியதல்லவா என்பது அவர் கேள்வியின் சாரம். அதைக் கருத்தில் கொண்டு 1993-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெயரால் ஒரு கூட்டமைப்புத் தோன்றியது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகில் நடந்த எல்லாச் சோதனைகளையும் தேடி, தரம் பார்த்து, ஒன்றாகக் கூட்டிச் சொல்வது அதன் வேலை. தெற்காசியாவில் இப்பணிக்கு நடுவிடமாக விளங்கியது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இந்த ஆய்வுத் திரட்டுகளின் எளிய சுருக்கங்கள் எல்லார்க்கும் இலவசம். தமிழில் மொழிபெயர்க்கப்பட்டவையும் உண்டு. நீங்களே தேடிப் பார்க்கலாம்.

சரி, தொப்புள் கொடியைப் பற்றிக் காக்ரேன் திரட்டு என்ன சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை.

2004-இல் வெளியான திரட்டில் 21 சோதனைகள் இருந்தன; 8,959 குழந்தைகள். கிருமிநாசினி தடவுவதால் உலர விடுவதைவிடக் கூடுதல் நன்மை இருப்பதாகத் தெரியவில்லை என்று அது சொன்னது. அப்படியானால் நம் டாக்டர் சொன்னதே சரி என்று எழுந்துவிடாதீர்கள். உள்ளே படித்தால், அச்சோதனைகளுள் பெரும்பாலானவை வசதியான நாடுகளில் நடந்தவை என்று தெரிகிறது. அத்தனை குழந்தைகளில் ஒன்றுகூட இறக்கவில்லை. யாருமே இறக்காத இடத்தில், ஒரு மருந்து இறப்பைத் தடுக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மழையே பெய்யாத ஊரில் குடையைச் சோதித்தது போலத்தான். "நன்மை இல்லை என்று தெரிகிறது" என்பதும் "நன்மை உண்டா என்று தெரியவில்லை" என்பதும் ஒன்றல்ல. அவசரமாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கிராமங்களுக்கே சென்று சோதித்தார்கள்

மழை பெய்யும் ஊருக்குக் குடையைக் கொண்டுபோன முதல் பெரிய சோதனை நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் நடந்தது. 413 குடியிருப்புப் பகுதிகள். 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். எந்தப் பகுதியில் குளோர்ஹெக்சிடின், எதில் சோப்பும் நீரும், எதில் ஒன்றும் தடவாமல் உலர விடுவது என்பதைத் திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் தீர்மானித்தார்கள். ஆராய்ச்சியாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்தால், அறியாமலேயே நல்ல ஊர்களுக்கு மருந்தைக் கொடுத்துவிடக் கூடும் அல்லவா? ஏன் குழந்தை குழந்தையாகப் பிரிக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டார் புட்டியை இரவல் கொடுத்துவிட்டால் சோதனை கெட்டுவிடும்!

2006-இல் முடிவு வெளியாயிற்று. குளோர்ஹெக்சிடின் தடவிய குழந்தைகளிடம் கடுமையான தொப்புள் அழற்சி 75 விழுக்காடு குறைந்திருந்தது. இறப்பு 24 விழுக்காடு குறைவு. ஆனால் இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தை முற்றிலும் நீக்க முடியவில்லை. பிறந்த 24 மணி நேரத்திற்குள் மருந்து தடவப்பட்டவர்களை மட்டும் பார்த்தால் இறப்பு 34 விழுக்காடு குறைவு. சோப்பும் நீரும் பயன் தரவில்லை.

2012-இல் மேலும் இரண்டு சோதனைகள் வெளியாயின. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள தாது மாவட்டத்தில் இறப்பு 38 விழுக்காடு குறைந்தது. வங்காளதேசத்தின் சில்ஹெட் மாவட்டத்துச் சோதனைதான் என்னைப் பலமுறை யோசிக்க வைத்தது. அங்கே ஒரு குழுவுக்குப் பிறந்த அன்று ஒரே ஒரு முறை தடவினார்கள். மற்றொரு குழுவுக்கு ஏழு நாள் தடவினார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் தடவாத குழுவில் ஆயிரம் குழந்தைகளுக்கு 28.3 இறப்பு. ஒருமுறை தடவிய குழுவில் 22.5. ஏழு நாள் தடவிய குழுவில்? 26.6! அதிகம் தடவினால் அதிக நன்மை என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி வரவில்லை. இதற்கு முழுத் திருப்தியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. அதற்காக ஆராய்ச்சியாளர்கள் அந்த எண்ணை மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி அச்சிட்டார்கள். இப்படி உறுத்தும் எண் ஒன்று கட்டுரையில் இருந்தால், அதன் மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 28.3-இலிருந்து 22.5-ஐக் கழித்தால் 5.8. ஆயிரத்தில் ஏறக்குறைய ஆறு உயிர். அதாவது 172 குழந்தைகளுக்கு ஒருமுறை மருந்து தடவினால் ஓர் உயிர் பிழைக்கிறது. "20 விழுக்காடு குறைவு" என்று சொல்வதும் இதையேதான். ஆனால் 172-க்கு ஒன்று என்று சொன்னால்தான், நாற்பது ஊர் நிறுவனம் தன் ஊர்களில் ஆண்டுக்கு எத்தனை குழந்தை பிறக்கிறது என்று எண்ணி, நமக்கு எவ்வளவு பயன் என்று கணக்கிட முடியும். மருந்துக் கம்பெனியின் வண்ணத் தாளில் எப்போதும் விழுக்காடுதான் பெரிய எழுத்தில் இருக்கும்!

2013-இல் காக்ரேன் திரட்டைப் புதுப்பித்தபோது அதில் 34 சோதனைகள், 69,338 குழந்தைகள். தெற்காசியக் கிராமங்களில் இறப்பு 23 விழுக்காடு குறைகிறது என்று இப்போது சொன்னது. மருந்து தடவினால் கொடி விழச் சுமார் ஒன்றே முக்கால் நாள் தாமதமாகும் என்றும் சொன்னது. பாட்டிமார்கள் "இன்னும் விழவில்லையே" என்று கவலைப்படுவார்கள் என்பதால், பணியாளருக்கு இச்செய்தி முக்கியம். 2014-இல் உலக சுகாதார நிறுவனம், ஆயிரம் குழந்தைகளில் 30 அல்லது அதற்கு மேல் முதல் மாதத்தில் இறக்கும் பகுதிகளில், வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் வாரம் நாள்தோறும் குளோர்ஹெக்சிடின் தடவலாம் என்று பரிந்துரைத்தது.

நர்சு பயிற்சியில் கேட்டது இதைத்தான். அவர் ஜெயித்துவிட்டாரா?

கடல் கடந்தபோது

தேதியைப் பார்த்தீர்களா? 2014. நம் நிறுவனத்தார் அங்கேயே நின்றிருந்தால் பாதி வழியில் நின்றவர்கள் ஆவார்கள். 2016-இல் ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் வந்தன. சாம்பியா நாட்டின் தெற்கு மாகாணத்தில் மருந்து தடவிய குழுவில் ஆயிரத்துக்கு 15.2 இறப்பு, உலர விட்ட குழுவில் 13.6. தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவில் தடவிய குழுவில் 10.5, உலர விட்டதில் 11.7. இரண்டிலும் வேறுபாடு தற்செயலாக நேரக் கூடிய அளவுதான். அங்கே மருந்தால் உயிர்கள் பிழைத்ததாகச் சொல்ல முடியவில்லை.

ஒரே மருந்து. ஆசியாவில் காத்தது ஆப்பிரிக்காவில் ஏன் காக்கவில்லை? எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் தடவாத குழுவில் சில்ஹெட்டில் 28.3, சாம்பியாவில் 13.6, பெம்பாவில் 11.7. ஆப்பிரிக்க ஊர்களில் மருந்து வருவதற்கு முன்பே இறப்பு பாதிக்கும் கீழாக இருந்தது. பிரசவங்களுள் நிறைய மருத்துவ நிலையங்களில் நடந்தன. கொடியில் வைக்கப்படும் பொருள்களும் ஊருக்கு ஊர் வேறு. மீண்டும் மழையும் குடையும்தான்.

அதோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் இம்மருந்து சிறு புட்டிகளில் திரவமாக வழங்கப்பட்டது. பார்ப்பதற்குக் கண் சொட்டுமருந்துப் புட்டி போலவே இருந்ததால், சிலர் அதைக் குழந்தையின் கண்ணில் விட்டுவிட்டார்கள். கண்கள் கடுமையாகப் புண்பட்டன. 2015-க்குப் பின் இத்தகைய செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்ததை அடுத்து, உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் நடந்த சோதனைகளின்போது பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகச் சென்று தடவினார்கள். புட்டியைத் தாயின் கையில் கொடுத்தனுப்பும்போது நடப்பது வேறு. சோதனைக் கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் இது அதில் இருந்திருக்காது.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையைத் திருத்தி எழுதியது. பொதுவாகச் சுத்தமாக, உலர்வாக வைப்பதே முறை. சாணம் போன்ற தீங்கு தரும் பொருள்களைக் கொடியில் வைக்கும் வழக்கம் பரவலாக உள்ள இடங்களில் மட்டும், முதல் வாரம் நாள்தோறும் குளோர்ஹெக்சிடின் தடவ வேண்டும்.

மறுபடி மாதக் கூட்டம்

இப்போது டாக்டர் சொன்னதும் சரி, நர்சு சொன்னதும் சரி என்று ஆகிறது. எந்த ஊருக்கு என்பதுதான் கேள்வி. "வழக்கம் பரவலாக உள்ள இடங்களில்" என்கிறது பரிந்துரை. நம் நாற்பது ஊர்களில் அந்த வழக்கம் பரவலாக உள்ளதா? சாணம் எத்தனை வீட்டில், சாம்பல் எத்தனை வீட்டில், எண்ணெய் எத்தனை வீட்டில்? வீட்டில் பிறப்பது எத்தனை, ஆஸ்பத்திரியில் பிறப்பது எத்தனை? பப்மெட்டின் மூன்றரைக் கோடியிலும் இதற்கு விடை கிடையாது. வாஷிங்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கிடையாது. வேலூரிலும் கிடையாது.

எனவே அடுத்த கூட்டத்தில் டாக்டர் விடை சொல்வதற்குப் பதிலாக ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார். சென்ற ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஒவ்வொருவர் வீட்டிற்கும் சென்று நான்கு செய்திகள் எழுதிவர வேண்டும்: எங்கே பிறந்தது, கொடியை எதனால் அறுத்தார்கள், அதன்மேல் என்ன வைத்தார்கள், எத்தனை நாளில் விழுந்தது. குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்போல் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஆகவே எப்படிக் கேட்பது என்பதையும் அன்று ஒரு மணி நேரம் நடித்துப் பார்க்கிறார்கள். முதலில் கேள்வி எழுப்பிய பணியாளரே பாட்டியாக நடிக்கிறார். நன்றாகத்தான் நடிக்கிறார்.

அதுவரை என்ன சொல்வது என்று ஒருவர் கேட்கிறார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், புதிய பிளேடால் அறுங்கள், சாணம் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால் அன்றே ஆள் அனுப்புங்கள் என்று ஒரு தாளில் எழுதி, நாற்பது படிகள் எடுக்கிறார்கள். தாளின் மேல் மூலையில் நர்சு அன்றைய தேதியையும், அடுத்து எப்போது மீண்டும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதையும் குறித்து வைக்கிறார்.